முப்பத்தொன்றாம் நம்பர் பச்சை

என் கண்ணை நம்பி ஒரு காலத்தில் பெட்டி பெட்டியாகப் பனியன்கள் கப்பலேறின. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் ஷேடு பார்ப்பதுதான் என் வேலை. வெளிநாட்டிலிருந்து பையர், அதாவது துணி வாங்குகிறவர், உள்ளங்கை அகலத்தில் ஒரு துணித்துண்டு அனுப்புவார். அதே நிறம் எங்கள் துணியில் இறங்கியிருக்கிறதா என்று லைட் பாக்ஸுக்குள் இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். இறங்கியிருந்தால் பாஸ். மயிரிழை பிசகினாலும் ரிஜெக்ட். டையிங் மாஸ்டர் கெஞ்சுவார், ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் மிரட்டுவார், நான் அசைய மாட்டேன். பட்டறையில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

நிறங்களில் எனக்குப் பிடித்தது பச்சை. ஆளை ஏமாற்றுகிற நிறமும் அதுதான். சிவப்பு கொஞ்சம் தப்பினால் பக்கத்து வீட்டுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். பச்சை அப்படியல்ல. டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு பச்சைகள் வாசல் வெயிலுக்கு வந்ததும் சண்டைக்காரர்களைப் போல முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பச்சையை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினால் இமைக்குள் வெளிர் ரோஜா நிறம் மிதக்கும். அது கரையும்வரை அடுத்த துணியைத் தொடக் கூடாது என்பது எங்கள் லேபின் சட்டம். அந்த ஒரு நிமிட ரோஜாவுக்காகவே நான் வேலைக்குப் போனேனோ என்று இப்போது தோன்றுகிறது.

கழிவுநீர் விவகாரத்தில் சாயப்பட்டறைகளை மூடுவதும் திறப்பதுமாக இருந்த வருடங்கள் அவை. எங்கள் பட்டறையும் ஒரு கார்த்திகை மாதத்தில் மூடிக் கிடந்தது. நான் வீட்டில் உட்கார்ந்து செல்போனில் பாம்பு விளையாட்டு விளையாடி நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அப்போது என்னோடு லேபில் இருந்த பெண் போன் செய்தாள்.

"சேவூர்ல ஒரு சாருக்கு ஷேடு பாக்க ஆள் வேணுமாம்க்கா. மூணு மாசத்துக்கு. போறீங்களா?"

ஷேடு என்ற சொல்லைக் கேட்டதும் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. மறுநாளே அவிநாசி போய், பஸ் மாறி, சேவூரில் இறங்கிவிட்டேன். கைப்பையில் என் பழைய ஷேடு கார்டு இருந்தது. நிறுத்தத்துக் கடையில் டையிங் எங்கே என்று கேட்டேன்.

"டையிங்குங்களா? இங்க ஏதுங்க?" என்றார் கடைக்காரர். பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்தப் பழைய பால் கூலிங் பில்டிங்குல நெல்லு நாத்த வெச்சுட்டு ஒரு சார் இருக்காருங்க. அவருகிட்ட வேணா கேட்டுப் பாருங்க" என்றார்.

அவரேதான். முப்பத்தைந்து வயதிருக்கும், தஞ்சாவூர்க்காரர், ஒரு விதைக் கம்பெனிக்காகப் புது நெல் ரகம் உருவாக்குகிற ஆராய்ச்சியாளர். மூடிப்போன பால் குளிரூட்டும் கட்டடத்தைக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. வாசலில் வந்து நின்றவரின் கால்களைத்தான் முதலில் பார்த்தேன். ஒரு காலில் பச்சை சாக்ஸ், இன்னொன்றில் பழுப்பு. ஷேடு பார்க்க ஆள் தேடுகிறவர் இப்படியா நிற்பது என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

"துணி எங்கங்க சார்?" என்றேன்.

"துணியா? நாத்துதாங்க இருக்கு."

"ஷேடு பாக்கணும்னு சொன்னாங்களே."

"ஆமாங்க. இலையோட ஷேடு."

திரும்பிப் போயிருப்பேன். ஆனால் அவர் கனமான கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். உள்ளே இருந்து புகைபோலக் குளிர் வந்து காலைச் சுற்றியது. சுவரெல்லாம் வெள்ளை ஓடு. தரை முழுக்கத் தட்டுத் தட்டாக நெல் நாற்று, ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளத்துக்கு, ஓர் அசைவும் இல்லாமல். டியூப்லைட் வெளிச்சத்தில் அந்தப் பச்சை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தனியாக மிதப்பதாகத் தோன்றியது. எத்தனையோ பச்சைகளைக் கொதிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். குளிரில் நின்றுகொண்டிருக்கிற பச்சையை அன்றுதான் பார்த்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அவர்தான் "காய்ச்சல் வந்துடப் போவுது, வெளில வாங்க" என்றார்.

"நெல்லுக்குப் போயி சாயம் பாக்கப் போறியாக்கும்?" என்று அன்று இரவு வீட்டில் அம்மா சிரித்தாள். சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இருபது வருடம் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டியவள் அவள். நெல் என்றால் அவளுக்குப் பாவம், ரேஷன் கடைதான் தெரியும். எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

வேலை என்னவென்று சார் விளக்கினார். மலைப்பக்கத்து ரகம் ஒன்று இருக்கிறது. எவ்வளவு குளிரும் தாங்கும், ஆனால் நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துவிடும், மணியும் கொஞ்சம்தான். சமவெளி ரகம் நன்றாக விளையும், ஆனால் மலையில் நட்டால் நாற்றிலேயே குளிரில் செத்துவிடும். இரண்டையும் கலந்து, அதில் பிறந்த பிள்ளைகளை ஆறு வருடமாகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து முப்பத்தொன்பது குடும்பத்துக்குக் கொண்டுவந்திருந்தார். ஒப்பிட்டுப் பார்க்க மலை ரகம் ஒன்று, ஆக நாற்பது தட்டு. மூன்று இலை விட்டதும் நாற்றுகளைப் பத்து நாள் குளிர்ந்த தண்ணீரில் குளிரறையில் வைப்பது. பிறகு வெயிலுக்குக் கொண்டுவருவது. இலை எந்த அளவுக்கு மஞ்சளாகியிருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவது. நல்ல பச்சைக்கு ஒன்று, செத்ததற்கு ஒன்பது, நடுவில் மூன்று, ஐந்து, ஏழு.

"அஞ்சே அஞ்சு ஷேடுதானுங்களா?" என்றேன். எனக்கு அவமானமாகவே இருந்தது.

வேறு நாற்றுகளை வைத்து நடந்த முதல் ஒத்திகையில் மதிப்பெண் நோட்டில் நம்பருக்குப் பதிலாக பிஸ்தா, லைம், மெகந்தி, வெளுத்த ஆலிவ் என்று எழுதி வைத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் தலையைச் சொறிந்தார். அப்புறம் அவரும் நானும் உட்கார்ந்து எந்த ஷேடு எந்த நம்பருக்குள் வரும் என்று பட்டியல் போட்டோம்.

எங்களுக்குத் துணைக்குப் பக்கத்துத் தோட்டத்து அக்கா ஒருத்தர் வருவார். தண்ணீர் மாற்றுவது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுவது எல்லாம் அவர்தான். அப்போது தினமும் கரண்ட் போகும். குளிரறைக்குள் போக நான் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சியதை விற்கிற எங்கள் ஊர் சர்ப்ளஸ் கடையில் தொப்பி வைத்த ஸ்வெட் ஷர்ட் மூன்று வாங்கிப் போயிருந்தேன். அக்கா அதைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொள்வார். நெஞ்சில் ஏதோ வெளிநாட்டுக் காலேஜின் பெயர் பெரிதாக இருக்கும். "என்னுங்க கண்ணு, நானு காலேஜ் புள்ளையாட்ட இருக்கறனா?" என்று தினமும் ஒருமுறை கேட்பார்.

நான் செய்த முதல் உருப்படியான காரியம் லேபிள். சார் அட்டையில் பேனாவால் நம்பர் எழுதிக் குத்தி வைத்திருந்தார். நாலாம் நாளே மை கரைந்து ஏழு எது ஒன்று எது என்று தெரியவில்லை. சாயத்தண்ணீரில் வெந்து எழுந்தாலும் அழியக் கூடாது என்பதற்காக எங்கள் பட்டறையில் துணியின் ஓரத்தில் லாட் நம்பரை நூலால் தைத்துவிடுவோம். வெள்ளைப் பனியன் வேஸ்ட்டை நாடாவாக வெட்டி, நாற்பது நம்பரையும் கறுப்பு நூலால் தைத்து, ஈர்க்குச்சியில் கட்டி ஒவ்வொரு தட்டிலும் குத்தினேன். முப்பதோடு கறுப்பு நூல் தீர்ந்துபோனது. முப்பத்தொன்றிலிருந்து மெரூன்.

"முப்பத்தொண்ணுலேர்ந்து மெரூன் நூலுங்க சார், நோட்ல எழுதிக்குங்க" என்றேன்.

அவர் நாடாவைக் கையில் வாங்கி, முப்பதையும் முப்பத்தொன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாதானே இருக்கு?" என்றார்.

எனக்கு அந்தச் சாக்ஸ் ஞாபகம் வந்தது. பக்கத்துத் தட்டில் பழுத்து நின்ற ஓர் இலையைக் காட்டி, "இது என்ன கலருங்க சார்?" என்று கேட்டேன். அவர் அந்த இலையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார். "சின்ன வயசுலேர்ந்தே. பச்சையும் மஞ்சளும் பழுப்பும் எனக்கு ஒரே குடும்பம். முன்னாடி கூட வேலை பாத்த தம்பி ஒருத்தன் மார்க்குப் போடுவான், நான் எழுதிக்குவேன். அவன் வேற வேலைக்குப் போயிட்டான். கம்பெனிக்கு இது தெரியாது. தெரிஞ்சா இலையைப் பாக்கற வேலையில என்னை வச்சிருப்பாங்களா?"

அதோடு நிற்கவில்லை. இந்தப் பருவத்தில் கம்பெனிக்காரர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள், ஒரு குடும்பமாவது தேறவில்லை என்றால் இந்த ஆராய்ச்சியை மூடிவிடுவார்கள் என்றார். அவர் மனசு முழுக்க முப்பத்தொன்றின் மேல்தான் இருந்தது. அந்தக் குடும்பத்தில் அவரிடம் இருந்ததே ஒரு கைப்பிடி விதை. அத்தனையும் அந்தத் தட்டில் முளைத்து நின்றது.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து அவர் கண் நான்தான் என்ற எண்ணம் எனக்குள் வந்துவிட்டது. அந்த எண்ணம்தான் பின்னால் என்னைக் குப்புறத் தள்ளியது.

மார்கழி முழுவதும் எனக்கு ஒரு கனவு மாதிரிதான் நினைவிருக்கிறது. காலையில் பஸ்ஸில் வரும்போது சோளக்காட்டின் மேல் பனி படுத்திருக்கும். குளிரறைக்குள் பேசினால் வாயிலிருந்து ஆவி வரும். அந்த ஆவி தணிந்ததும் அதன் பின்னால் பச்சை தெரியும். ஒத்திகைத் தட்டுகளைக் காட்டி சார் ஒவ்வொன்றாகக் கேட்பார், நான் நிறம் சொல்வேன். "இது வாழைக்குருத்தோட அடிப்பக்கம். இது மழை பேஞ்ச மறுநாள் வேலியோரம். இது பள்ளிக்கூடத்துப் புது போர்டு." அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இலையை விரலால் வருடுவார். பச்சை என்பது அவருக்கு ஒரு விறைப்பு, மஞ்சள் என்பது ஒரு தளர்வு. மூன்றும் ஐந்தும் அவர் விரலில் எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டேன். "காய்ஞ்ச துணிக்கும் காயாத துணிக்கும் நடுவுல ஒண்ணு இருக்கே, அது" என்றார். எனக்குப் புரிந்தது. கண்ணை மூடினேன், இமைக்குள் ரோஜா மிதந்தது. அதை மட்டும் அவருக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மார்கழிக் கடைசியில்தான் அந்த நாற்பது தட்டையும் குளிருக்கு வைத்தோம். தை பிறந்து சில நாள் கழித்து, பத்து நாள் குளிர் முடிகிற சமயத்தில், தஞ்சாவூரில் அவருடைய அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. புறப்படும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"நாளைக்குத் தட்டெல்லாம் வெயிலுக்கு எடுத்து வச்சுடுங்க. ஏழு நாளைக்கு எதையும் தொட வேணாம். எட்டாம் நாள் நான் வந்ததும் சேர்ந்து மார்க்குப் போட்டுடலாம்."

ஏன் ஏழு நாள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பாவம், கண் தெரியாத மனுஷன், அவர் விரலுக்குத் தெரிகிற அளவுக்கு இலை காய ஏழு நாள் ஆகுமாக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். எனக்கு எதற்கு ஏழு நாள்? எனக்கு ஒரு பார்வை போதும்.

மறுநாள் காலையில் நானும் அக்காவும் நாற்பது தட்டையும் முற்றத்து வெயிலுக்குக் கொண்டுவந்தோம். கண்ணைக் கழுவிக்கொண்டு வந்து வரிசையாகப் பார்த்தேன். பத்து நாள் கழித்து வெயிலில் எல்லா மஞ்சளும் கத்திக்கொண்டு தெரிந்தது. ஆறு தட்டுகள் மட்டும் அப்படியே இருந்தன. மலை ரகம் ஒன்று, மற்ற ஐந்தும் சாரின் குடும்பங்கள். பாட்டில் கிரீன், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். முப்பத்தொன்றைப் பார்த்தேன். எலுமிச்சை மஞ்சள், நுனியெல்லாம் காய்ந்து சுருண்டிருந்தது. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் ஷேடு பார்க்கிறவளுக்கு மனசு எதற்கு? நோட்டில் ஒன்பது என்று போட்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எங்கள் தொழிலில் பெரிய பாவம் ஒன்று உண்டு. ரிஜெக்ட்டைப் பாஸோடு சேர்த்து வைப்பது. ஒரே ஒரு ரிஜெக்ட் கலந்துபோனால் பெட்டி மொத்தமும் திரும்பி வரும். அதனால் பார்த்த கையோடு பிரித்து அப்புறப்படுத்திவிட வேண்டும். கை தானாகச் செய்தது. முப்பத்துநாலு தட்டையும் கட்டடத்துக்குப் பின்னால் குப்பைமேட்டில் கவிழ்த்து, மண்பாளம் மண்பாளமாகக் கொட்டிவிட்டுத் தட்டுகளைக் கழுவி அடுக்கினேன். சார் வந்ததும் அசந்துபோவார் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

மூன்றாம் நாள் அந்த ஐந்து பாட்டில் கிரீனில் ஒன்று சுருளத் தொடங்கியது. பச்சையாகவே சுருண்டது, அதுதான் கொடுமை. நாலாம் நாள் மற்ற நாலும். தண்ணீர் ஊற்றினேன், நிழலில் வைத்தேன், மறுபடியும் வெயிலில் வைத்தேன். ஆறாம் நாள் ஐந்தும் வைக்கோல். மலை ரகம் மட்டும் எனக்கென்ன என்று நின்றது. அது பிழைத்து யாருக்கு என்ன பிரயோசனம்? கண்ணை மூடினால் ரோஜாவும் வரவில்லை.

எட்டாம் நாள் காலையில் சார் வந்தார். நேராக அந்தத் தட்டுகள் முன்னால் குந்தி உட்கார்ந்து, என்னை நிமிர்ந்து பார்த்து, "எப்படி இருக்குங்க?" என்று கேட்டார். முகத்தில் அத்தனை ஆசை. எதிர்வெயிலில் கண் கூச, இலை சுருண்டிருப்பதுகூடத் தெரியாமல், மற்ற தட்டுகள் உள்ளே இருக்கும் என்ற நினைப்பில் கேட்கிறார். பச்சை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், விரல் வைக்கும்வரை அவர் சந்தோஷமாக இருந்திருப்பார். ஒரு நொடி அப்படிச் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

"எல்லாம் போச்சுங்க சார்."

"மத்த தட்டெல்லாம்?"

"ரிஜெக்ட்னு அன்னைக்கே பின்னாடி கொட்டிட்டேன்."

கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து கட்டடத்தைச் சுற்றி நடந்தார், நான் பின்னாலேயே போனேன். குப்பைமேட்டில் குந்தி, செத்துக் கிடந்த ஒரு மண்பாளத்தைத் திருப்பி, காய்ந்த இலைகளை விலக்கி, நாற்றின் அடித்தண்டை இரண்டு விரலால் அமுக்கினார். அடுத்ததை. அடுத்ததை. எல்லாமே நசுங்கின.

"இலை செத்தா நாத்து செத்துச்சுன்னு அர்த்தமில்லீங்க" என்றார். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "உள்ள குருத்து கெட்டியா இருந்தா ஏழு நாள்ல புது இலை விட்டுடும். சிலது குளிர்ல பச்சையாவே இருந்து ஏமாத்தும், வெயிலுக்கு வந்ததும் போயிடும். அதுக்குத்தான் ஏழு நாள். உங்ககிட்ட நான் சொல்லியிருக்கணும்."

எங்கள் தொழிலிலும் இதே கதைதான். ஈரத்தில் பார்த்த நிறம் காய்ந்தால் வேறு, காய்ந்தது ஒரு துவைப்புக்குப் பிறகு வேறு. துவைத்துப் பார்க்காமல் நான் எந்தத் துணியையும் அனுப்பியதில்லை. நெல்லுக்கு வந்ததும் அது மட்டும் என் மண்டைக்கு எட்டவில்லை. நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே ஒவ்வொரு லேபிளாகப் பார்த்தேன். முப்பத்தொன்றும் இன்னும் இரண்டும் மட்டும் இல்லை, மற்ற எல்லா நம்பரும் இருந்தன.

அந்த நேரம் பார்த்து அக்கா வந்தார். எங்கள் இருவரையும் குப்பைமேட்டில் கண்டதும் திகைத்துப் போனார்.

"அக்கா, இதுல மூணு பாளம் குறையுதே?"

"ஏனுங்க, வேண்டாம்னுதான கொட்டுனீங்க கண்ணு? நாந்தானுங்க ஆட்டுக்குப் போடலாம்னு கூடையில எடுத்துட்டுப் போனனுங்க."

சார் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "ஆடு தின்னுருச்சாக்கா?"

"தின்னுது, நுனிய மட்டும். மண்ணு வாசம் புடிக்கலீங்க அதுக்கு. வாழைக்கு உரமாகட்டும்னு தண்ணி போற பக்கம் வீசிப்போட்டனுங்க. ஊடு பக்கந்தான், வாங்க பாக்கலாம்."

மூன்று பேரும் வரப்பில் ஏறக்குறைய ஓடினோம். அக்கா வீட்டுக் குளியலறைத் தண்ணீர் போகிற சின்ன வாய்க்கால், அதன் கரையில் நாலு வாழை. அடியில் சேறும் சகதியுமாக மூன்று மண்பாளங்கள் கிடந்தன. ஆடு மேய்ந்து, கோழி கிளறி, கண்ணால் பார்க்க முடியாத கோலம். ஒன்றின் ஓரத்தில் ஈர்க்குச்சி சாய்ந்து நின்றது. நாடாவைப் பிடித்துச் சேற்றை வழித்தேன். மெரூன் நூல். முப்பத்தொன்று. ஒரு தையல்கூட விட்டுப் போகவில்லை, சாயம் இம்மிகூட இறங்கவில்லை.

நான் இலையைத்தான் தேடினேன். மஞ்சள் கட்டைகள் தவிர எதுவும் தெரியவில்லை. "இல்லீங்க சார்" என்றேன்.

அவர் பாளத்துக்குள் கையை விட்டார். ஒரு கட்டையை அமுக்கினார். அப்படியே நிறுத்தினார். பிறகு என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். "கண்ணை மூடிக்குங்க. அமுக்குங்க."

அமுக்கினேன். நசுங்கவில்லை. விரலுக்குள் ஈர்க்குச்சி அளவுக்கு ஏதோ ஒன்று திரும்பி என்னைத் தள்ளியது. கண்ணைத் திறந்து அந்தக் கட்டையின் காய்ந்த தோலை விலக்கினேன். நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு புது இலை, சுருட்டி வைத்தபடி. அந்த நிறத்துக்கு என் ஷேடு கார்டில் பெயர் இல்லை. நான் பெயர் தேடவும் இல்லை. ஒவ்வொன்றாக அமுக்கி எண்ணினோம். பதினோரு நாற்று உயிரோடு இருந்தது. மற்ற இரண்டு பாளத்திலும் ஒன்றும் இல்லை. அக்கா சந்தோஷத்தில் ஆட்டைக் கட்டிக்கொண்டார், அது என்னவோ தன்னால் நடந்த மாதிரி.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளை ஓட்டுக் கட்டடத்தில் மலை ரகத்தைத் தவிர ஒரே ஒரு தட்டு, அதில் மேய்ந்துபோன பதினோரு கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு விரலளவு புது இலை. நோட்டில் அதற்கு நேராக ஒன்பது. அதில் ஒருவர் நோட்டைத் தட்டி, "இது என்ன? செத்ததுன்னு எழுதியிருக்கு, உயிரோட இருக்கே. மத்ததெல்லாம் எங்க? யார் போட்ட மார்க் இது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் சார் பேசினார். "மார்க் இவங்க போட்டது. அன்னைக்கு அது சரியான மார்க்தான். ஏழு நாள் எதுக்குன்னு நான் அவங்களுக்குச் சொல்லல, தப்பு என்னோடது. இன்னொண்ணும் இருக்கு. எனக்குப் பச்சைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியாது. இத்தனை வருஷமா அடுத்தவங்க கண்ணை வச்சுதான் பாக்கறேன்."

ஆறு வருடம் மூடி வைத்ததை எனக்காக ஒரு நிமிடத்தில் போட்டு உடைத்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது. கேட்டவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தார். சார் என் பக்கம் நோட்டை நகர்த்தினார். ஒன்பதை அடிக்கப் போனேன். "அடிக்காதீங்க, பக்கத்துல இன்னைத் தேதி போட்டு எழுதுங்க" என்றார். மூன்று என்று எழுதினேன். நிறம் பார்த்தவர் என்ற இடத்தில், எப்போதும் காலியாக இருக்கும் இடத்தில், என் பெயரை அவரே எழுதினார்.

குளிரறையை மூடிவிட்டார்கள். பதினோரு நாற்றையும் நட்டு விதை எடுத்து, மலையில் ஒரு விவசாயியின் வயலில் ஒரு பருவம் பார்க்கலாம், அதுவும் தேறாவிட்டால் அவ்வளவுதான் என்று சொல்லி, சாரையும் அங்கேயே அனுப்பினார்கள். எங்கள் பட்டறையும் திறந்தது. நான் வீரபாண்டிக்கே திரும்பினேன். முதல் பார்வையில் ரிஜெக்ட் சொல்வதை விட்டிருந்தேன். எனக்கு வயசாகிவிட்டது என்று மாஸ்டர் கேலி செய்தார்.

அடுத்த வருடம் ஒரு காலையில் லேபில் இருக்கும்போது சார் போன் செய்தார்.

"நாத்து விட்டு மூணு இலை வந்துச்சுங்க. ஒரு வாரமா கடும் பனி. நேத்துதான் வெயில் வந்துச்சு. எல்லாம் மஞ்சளாப் போச்சுன்னு விவசாயி சொல்றார். உழுது போட்டுட்டு வேற விடட்டுமான்னு கேக்கறார். என்னங்க பண்றது?"

குருத்தைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பயத்தில் அவருக்கே மறந்துபோயிருந்தது.

"ஏழு நாள் தொட வேண்டாம்னு அவருகிட்டச் சொல்லுங்க சார்" என்றேன். "எட்டாம் நாள் நீங்களே போயி கண்ணை மூடிட்டு அமுக்கிப் பாருங்க."

அந்த ஏழு நாளும் நான் ஒழுங்காக ஒரு ஷேடுகூடப் பார்க்கவில்லை. எட்டாம் நாள் போன் வந்தது. லைட் பாக்ஸின் விளக்கை அணைத்துவிட்டு எடுத்தேன். அந்தப் பக்கம் காற்றுச் சத்தமும், தண்ணீருக்குள் யாரோ நடக்கிற சத்தமும் கேட்டது.

"கெட்டியா இருக்குங்க" என்றார். "வயல் முழுக்க. எதை அமுக்கினாலும் கெட்டியா இருக்கு. புது இலை கையில படுது." பிறகு, "விவசாயி இன்னும் வரலை. என்ன கலர்னுதான் எனக்குத் தெரியல" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"பச்சைங்க சார்" என்றேன்.

பார்க்காமல் நான் ஷேடு சொன்னது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.